கவசம் போட்ட பெண்

என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது தரகர் முதலில் சொன்ன தகுதி, கவசம் போட்ட பெண் என்பதுதான். படிப்பு, நகை, நட்சத்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

"ஆவரங்காட்டுப் பொண்ணுங்க. பேரு குயிலி. சின்ன வயசுலயே கவசம் போட்டாச்சு. எந்தத் தண்ணியக் குடிச்சாலும் ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார்.

அம்மா சிரித்தாள். "எங்கூட்டுல சிறுவாணித் தண்ணி. இங்க எதுக்கு அது? கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தோம். கழற்றி வைக்கிற சாமான் இல்லை அது என்று பிறகு தெரிந்தது.

ஆவரங்காடு வடக்கே, பாறை மிகுந்த பக்கம். ஒவ்வொரு வறட்சிக்கும் ஆழ்துளைக் கிணறு இன்னும் கொஞ்சம் கீழே போய், கடைசியில் ஆர்சனிக் என்கிற விஷம் இருக்கிற பாறையைத் தொட்டுவிட்டது. தண்ணீரில் நிறமில்லை, வாடையில்லை. ருசியாகவே இருக்கும் என்பார்கள். வருடக்கணக்கில் குடித்தால் உள்ளங்கை சொரசொரக்கும், நெஞ்சில் கரும்புள்ளி விழும், அப்புறம் புற்றுநோய். சுத்திகரிக்க இயந்திரம் வைத்தார்கள். வடிகட்டி மாற்ற ஆள் வரவில்லை. குழாய் போடுகிறோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் வந்து சொன்னார்கள். பிறகு எந்தப் புண்ணியவானுக்கோ ஒரு யோசனை தோன்றியது: தண்ணீரை மாற்றுவதைவிடக் குடிக்கிற ஆளை மாற்றுவது சுலபம். அதற்குப் பெயர்தான் கவசம். ஆறு வயதில் ஒரு ஊசி. அதன்பின் உடம்பின் அணுக்களே ஒரு புதுப் புரதத்தைச் செய்துகொள்ளும். அது ஆர்சனிக்கைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

அந்தத் திட்டத்தின் விளம்பரப் படத்தில் இருந்த குழந்தையே குயிலிதான். இரட்டைப் பின்னல், ஒரு முன்பல் இல்லை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த டம்ளர். கீழே கொட்டை எழுத்தில், 'பயமில்லாமல் குடி, கண்ணே!' கல்யாணத்தில் தம்பி நவநீதனின் நண்பர்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் வைத்திருந்தார்கள். குயிலி வெட்கப்பட்டுச் சிரித்தாள். நன்றாகச் சிரிப்பாள் அவள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் தாரிணி. படித்தது புரத ஆராய்ச்சி. வேலை, முகச்சுருக்கத்துக்குக் களிம்பு செய்கிற கம்பெனியில். கல்யாணம் செய்து, ஒத்துவராமல் முறித்துக்கொண்டு, அம்மாவோடும் தம்பியோடும் கோவையில் இருப்பவள். வீட்டில் என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குயிலி வந்த சில மாதங்களில் அவள் கையிலிருந்து சாமான்கள் விழத் தொடங்கின. முதலில் டம்ளர். பிறகு குழம்புக் கரண்டி. ஒருநாள் கொதிக்கிற பால் சட்டி.

"கையில என்ன வெண்ணெய் பூசிட்டு வந்தயா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலத்தை. பிடிச்சுட்டுதான் இருந்தேன்."

மருத்துவர் வைட்டமின் குறைவு என்றார். இன்னொருவர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் என்றார். அதற்குள் ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அழைத்துப் போவது வழக்கம். குயிலியின் அப்பா முனிரத்தினம் வந்து அழைத்துப் போனார். ஆடி முடிந்து நவநீதன் கூட்டி வந்தபோது குயிலி பூத்தொடுத்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினாள். விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடின.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கார்த்திகைக்குள் மறுபடி டம்ளர் விழுந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனாள், தேறினாள், வந்தாள், படுத்தாள். அம்மாவுக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"அங்க போனா ஓடியாடித் திரியறா. இங்க வந்தாக் கை வராது, கால் வராது. வேல செய்ய வளையல. உம்பட பொண்டாட்டி நல்லாத்தான் நடிக்கறா, நவநீதா."

தம்பி மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டு சாப்பிட்டான். அவன் நல்லவன்தான். நல்லவர்கள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பதால் வருகிற கேடு கொஞ்சமில்லை.

அன்று மாலை குயிலி என் அறைக்கு வந்தாள். புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றி என் முன்னாலேயே ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டாள். ரத்தம் வந்தது. அவள் முகம் மாறவேயில்லை.

"நா நடிக்கலண்ணி. இங்க குத்தறது எனக்குத் தெரியவே இல்ல. நீங்களாச்சும் நம்புங்க."

நம்பினேன். ஆனால் காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத நம்பிக்கையால் அந்த வீட்டில் எதையும் மாற்ற முடியவில்லை.

அடுத்த வருடம் அவள் உண்டானாள். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு ஆவரங்காடு புறப்பட்டாள். இங்கேதான் அம்மா தன் வாழ்நாளிலேயே மிகப் பாசமான காரியத்தைச் செய்தாள்.

"அவளுக்குக் கவசம் இருக்குது, செரி. வயித்துல இருக்கற எங்கொழந்தைக்கு? அந்த வெசத்தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்றாள். ஒரு சின்ன லாரி பிடித்து, கேன் கேனாக எங்கள் வீட்டுத் தண்ணீரை நிரப்பி அனுப்பினாள். குடிக்க, சமைக்க, அரிசி களைய எல்லாம் அதுதான். தீரத் தீர அடுத்த லாரி போனது. மருமகளைக் கரித்துக் கொட்டுகிற அம்மாவுக்குள் இவ்வளவு கரிசனமா என்று நானே அசந்துபோனேன்.

இந்த முறை தாய்வீட்டிலும் குயிலி தேறவில்லை. முனிரத்தினம் எனக்குப் போன் செய்தார்.

"அம்மா, புள்ள நடக்கவே கஷ்டப்படுதும்மா. எப்பவும் இங்க வந்தா சரியாப்பூடும். இந்த தபா இன்னும் மோசமாவுது. டாக்டரு ஒண்ணும் புரியலன்றாரு."

நான் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கேன்கள்தான், சுவரோரம் கூரை வரை அடுக்கி வைத்திருந்தார்கள். கட்டிலில் குயிலி. அவள் அப்பா தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அவள் வாயில் வைத்துக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய உள்ளங்கை முழுக்கச் சோளம் ஒட்டினது போல மொட்டுமொட்டாகத் தடித்திருந்தது. அவர் காலத்தில் கவசம் கிடையாது.

அந்த டம்ளரைப் பார்த்தபடி நின்றேன். அதே வீடு, அதே கட்டில், அதே சோறு, அதே அப்பா. மாறியது தண்ணீர் மட்டும்தான்.

கவசத்தைத் தயாரித்த 'நிலைவளம்' கம்பெனியில் என்னோடு படித்த ஜோஸ்பின் சில காலம் வேலை பார்த்தாள். அங்கேயே நின்று அவளைக் கூப்பிட்டேன். பெற்றவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஜோஸ்பின், ஆர்சனிக் உடம்புக்குள்ள போனா என்ன பண்ணும்? இங்க ரெண்டு பேருக்குப் புரியற மாதிரி சொல்லு."

"புரதம் சரியா மடிஞ்சிருந்தாத்தான் வேலை செய்யும். புடவையைக் கொசுவி வெச்சாத்தானே கட்ட முடியும், அது மாதிரி. புரதத்துல கந்தகம் இருக்கிற இடமாப் பார்த்து ஆர்சனிக் போய்ப் பிடிச்சுக்கும். மடிப்பு கலைஞ்சுடும். மரபணுவைப் பழுது பார்க்கிற புரதங்கள்ல சிலது துத்தநாகத்தைப் பிடிச்சுட்டு நிக்கும். அதைத் தள்ளிட்டு இது உக்கார்ந்துக்கும். பழுது பார்க்க ஆளில்லாமப் போனா அப்புறம் கேன்சர்தான்."

"கவசம்?"

"அதுவும் புரதம்தான். பிடிப்பான்னு சொல்லுவோம். மூணு கை, மூணுலயும் கந்தகம். ஆர்சனிக் வந்தா மூணு கையாலயும் பிடிச்சு, அழகா மடிஞ்சு, சிறுநீர்ல வெளியே கொண்டு போயிடும். அருமையான டிசைன் தாரிணி."

"ஆர்சனிக் வரவே இல்லன்னா?"



"கை சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கிற பிடிப்பானைப் பிடிச்சுக்கும். அது இன்னொண்ணை. அப்படியே கட்டி தட்டும். நரம்புலதான் முதல்ல. விரல் நுனியில ஆரம்பிக்கும்."

குயிலி தன் விரல்களைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"கால். அப்புறம் இதயம்."

"தேவையில்லாதப்ப உடம்பு அதைச் செய்யாம நிறுத்தறதுக்கு ஒரு சுவிட்ச் வெச்சிருக்கலாம்ல?"

"முதல்ல இருந்தது. அது ஆளாளுக்கு ஒரு மாதிரி வேலை செஞ்சதுன்னு எடுத்துட்டாங்க. எப்படியும் ஆயுசுக்கும் அந்தத் தண்ணியைத்தானே குடிக்கப் போறாங்க, எதுக்குச் சுவிட்ச்னு கூட்டத்துல பேசி முடிச்சாங்க."

"அந்தக் கூட்டத்துல பொண்ணப் பெத்தவங்க யாருமே இல்லயா?"

"என்ன கேக்கறே?"

"பொண்ணக் கட்டிக் குடுத்தா வேற ஊருக்குப் போயிருவாள்னு ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

"கணக்கெடுப்புல எல்லாம் குடும்பம் குடும்பமாத்தான் எடுத்தோம். குடும்பம் ஊரைவிட்டுப் போகலையே தாரிணி..." என்று இழுத்தாள்.

ஊரில் பாதிப்பேர் என்றாவது ஒருநாள் தாலி கட்டிக்கொண்டு வெளியே போகிறவர்கள். மூன்று கைகளையும் கந்தகத்தையும் யோசித்தவர்களுக்கு இது தோன்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். முனிரத்தினம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஊரு மாதையன் பொண்ண ஓசூர்ல குடுத்தோம்மா. ஒரு வருசத்துல செத்துப்போச்சு. மாமியாவூட்டுல ஏதோ குடுத்துக் கொன்னுட்டாங்கன்னு நாங்கதான் போலீசுக்குப் போனோம். அவளக் கட்டின பையன இன்னும் ஜெயில்ல வெச்சிருக்காங்க. பெங்களூரு வேலைக்குப் போன பசங்களும் தண்ணி ஒத்துக்கலன்னு திரும்பி வந்துட்டானுங்க. அவனுங்களுக்கு வரதுக்கு வூடு இருந்துச்சு. கட்டிக் குடுத்த பொண்ணு எப்படிம்மா வரும்? வந்தா நாங்களே புத்தி சொல்லித் திருப்பி அனுப்புவமே."

"இப்ப ஊர்த் தண்ணியக் குடிச்சா?" என்று போனைப் பார்த்துக் கேட்டேன்.

"கட்டி கரையும். சீக்கிரம் குடிச்சா. நாள் போனா இறுகிடும், அப்புறம் கரையாது" என்றாள் ஜோஸ்பின்.

முனிரத்தினம் எழுந்து ஓடினார். வாசல் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்தார். பெற்ற பெண்ணுக்கு விஷத்தை நீட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதனின் முகத்தில் அவ்வளவு ஆசை.

குயிலி வாயைத் திறக்கவில்லை.

"புள்ளைக்குப் போவுமா அண்ணி?"

ஜோஸ்பின்தான் சொன்னாள். "பிடிப்பான் எல்லாத்தையும் பிடிச்சுடாது. கொஞ்சம் போகலாம். கர்ப்பிணிகளை வெச்சு யாரும் பார்க்கலை."

"அப்ப வேணாம்."

"குயிலி..."

"வேணாம் அண்ணி. என்னக் கேட்டா ஊசி போட்டாங்க? ஒரு மிட்டாயக் குடுத்து, டம்ளரத் தூக்குன்னாங்க, தூக்கினேன். எம்புள்ளயும் அப்படிக் கேக்காமக் கொள்ளாம வாங்கிக்க வேணாம். அது மொதல்ல வெளிய வரட்டும். வந்தப்புறம் குடம் குடமாக் குடிக்கறேன்."

"அதுக்குள்ள உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நா என்னாத்தா பண்ணுவேன்?" என்று முனிரத்தினம் அழுதார்.

"நீங்கதான் என்ன அந்த ஊசிக்கு வரிசைல நிறுத்தினீங்க. சும்மா இருங்கப்பா."

அவரைச் சொல்லி என்ன? தன் கையைப் போல மகள் கையும் ஆகக் கூடாது என்றுதான் வரிசையில் நிறுத்தினார்.

குழந்தை முன்கூட்டியே பிறந்தது. பெண். குறை ஒன்றுமில்லை, அழுகையும் பலம். பிறந்த கையோடு குயிலி கேட்டது ஊர்த் தண்ணீர். முனிரத்தினம் சொம்போடு ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தார். அவள் குடித்தாள். மறுபடி மறுபடி வாங்கிக் குடித்தாள். சில வாரங்களில் கால்கள் திரும்பின. விரல்கள் திரும்பவில்லை. குழந்தையை முழங்கை மடிப்பில் வைத்துத்தான் அவளால் தூக்க முடிந்தது. பால் கொடுக்கவும் பயந்தாள். அதையும் யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

கேன் தண்ணீரை எதிர்த்திசையில் அனுப்பினால் போகிறது என்று நான் நினைத்தேன். ஆவரங்காட்டுத் தண்ணீர் கோவைக்கு வரட்டும். அவளுக்கு அது, எங்களுக்கு இது.

அம்மாதான் முடியாது என்றாள். சண்டை போடுகிற குரலில் இல்லை.

"நடிக்கறான்னு சொன்னேன். என் வாய்ல புழு வெக்கோணும். ஆனா தாரிணி, வெசத் தண்ணியும் நல்ல தண்ணியும் ஒரே அடுப்படில இருந்தா என்னைக்காவது மாத்தி ஊத்திப்போடுவேன். எங்கண்ணு வேற மங்கிட்டு வருது. ரெண்டும் பார்க்க ஒண்ணுபோலத்தான இருக்குது? அந்தச் சின்ன உசுர வெச்சுட்டு என்னால முடியாது, சாமி."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழந்தை எங்களோடு கோவையில், குயிலி அப்பாவோடு ஆவரங்காட்டில் என்று ஆனது. தம்பி வாரா வாரம் பஸ் ஏறினான். குழந்தைக்குத் தளிர் என்று பெயர் வைத்தோம்.

நான் எழுதாத அலுவலகமில்லை. முதலில் பதிலில்லை. பிறகு, ஆதாரம் போதாது என்றார்கள். ஓசூர்ப் பையனின் வக்கீலுக்கும் எழுதினேன். வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, அவன் உள்ளேதான் இருக்கிறான். மற்ற ஊர்களிலிருந்தும் பெண்கள் திரும்பி வரத் தொடங்கிய பிறகு ஒரு குழு வைத்தார்கள். குழு ஆய்ந்து, ஆவரங்காட்டுக்கு உடனே நல்ல தண்ணீர்க் குழாய் போடச் சொன்னது! அத்தனை வருடம் கேட்டும் வராத குழாய் அப்போதுதான் வந்தது. ஊரே திரண்டு மறியல் செய்து அதைத் தடுத்தது. 'சுத்தமான தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள், இந்த ஜனங்களை என்ன செய்வது' என்று செய்தியில் ஒருவர் வருத்தப்பட்டார்.

ஒருநாள் அந்தக் குழுவிலிருந்து ஒரு அதிகாரி குயிலியைப் பார்க்க வந்தார். நானும் தம்பியும் அன்று அங்கே இருந்தோம். கண்ணியமான மனிதர், சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்துதான் பேசினார்.

"சுவிட்ச் உள்ள புது ஊசி ஆய்வுல இருக்கும்மா. எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் தாயும் பிள்ளையும் பிரிஞ்சு இருக்கணும்னு இல்லை. இப்ப இருக்கிற கவசத்தை எந்த வயசுலயும் போடலாம். குழந்தைக்கும் போட்டுட்டா, ரெண்டு பேரும் இதே வீட்ல இருக்கலாமே. ஒரே தண்ணி குடிக்கலாம்."

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். "செய்யலாமுங்களா? நானும் போட்டுக்கறனுங்க. மூணு பேரும் இங்கயே இருந்துக்கறோம்." அவன் கண் கலங்கியிருந்தது. பாவி, இந்தப் பேச்சை அம்மா சோற்றுத் தட்டின் முன்னால் குறை சொன்ன அன்று பேசியிருக்கலாம்.

குயிலி அவனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தில் பார்த்த சிரிப்பு இல்லை.

"நீங்க போட்டுக்கங்க, வேணாங்கல. அவளுக்கு வேணாம். அவ பெரியவளாகி எங்க வேணா போவட்டும். எந்த ஊர்ல வேணா வாழட்டும். போற எடத்துல ஒரு டம்ளரு தண்ணி குடிச்சா அது அவளுக்கு ஒட்டணும். எனக்கு அவ இல்லாமப் போனாலும் பரவால்ல."

அதிகாரி டம்ளரை எடுத்தார். அதில் இருந்தது, தன் பையிலிருந்து எடுத்து அவர் ஊற்றி வைத்திருந்த பாட்டில் தண்ணீர். குடித்துவிட்டுப் போனார். தம்பி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அவன் வேலை கோவையில் இருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஆடி வழக்கம் தலைகீழாகிவிட்டது. ஆடி பிறந்தால் நான் தளிரைக் கூட்டிக்கொண்டு, எங்கள் தண்ணீரையும் கேன்களில் ஏற்றிக்கொண்டு ஆவரங்காடு போகிறேன். மகள் தாய்வீட்டுக்குப் போகிறாள், குடிக்கிற தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொண்டு.

இந்த ஆடியில் தளிர் நன்றாக ஓடுகிறாள், பேசுகிறாள். ஊர் எல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பழைய விளம்பரப் படத்தையும் விடாமல் தீட்டியிருந்தார்கள்.

"அதாரு அத்தை?" என்றாள் தளிர்.

"உங்கம்மா."

அவளால் நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மத்தியானம் நான் கேனைத் திறந்துகொண்டிருந்தேன். குயிலி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் டம்ளரை அணைத்துப் பிடித்துக் குடித்துவிட்டு, மிச்சத்தைக் கீழே வைத்தாள். தளிர் ஓடிவந்து அதை எடுத்தாள். ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அம்மா, பாரு! நானும் அம்மா!"

பிறகு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

குயிலி அடித்தாள். மடங்காத அந்த விரல்களால் அறைய முடியாது, புறங்கையால் அடித்தாள். டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. குழந்தை மல்லாக்க விழுந்தாள். உதட்டில் ரத்தம்.

"ஒரு வாய்ல ஒண்ணும் ஆகாது குயிலி! உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்!" என்று கத்தினேன்.

"எங்க ஊரும் ஒரு வாய்லதான் அண்ணி ஆரம்பிச்சுது." அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "தூக்குங்க. எங்கிட்ட வராமத் தூக்கிட்டுப் போயிடுங்க."

நான் தூக்கினேன். தளிர் என் பிடியில் நிற்காமல் திமிறினாள். அடித்தவளிடம் போகத்தான் திமிறினாள். வெகுநேரம் அழுது களைத்தவளுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் வேண்டும் என்றாள்.

நான் எங்கள் கேனிலிருந்து ஊற்றி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அம்மா குடுக்கட்டும்" என்றாள்.